மைனஸ் 250 கிராம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அதாவது நானே செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். இதில் ரெஜிஸ்டர் வரும், டீபக்கர் வரும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எங்க அம்மாவும் வரும்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள தேவனேரி. நைனா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கும். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அலுமினியக் கூடையில் ஐஸ் போட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை பஸ்ஸில் கொண்டு வந்து தெருத்தெருவாக விற்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கையில் ஒரு சங்கராவைத் தூக்கிப் பார்த்தால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடும். பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரியில் சேரும்போது கொடுத்த பாரத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இறுதியாண்டு பிராஜெக்டுக்கு எலக்ட்ரானிக் தராசு செய்யலாம் என்று முடிவு செய்தேன். அம்மா சில நாள் ஒரு வியாபாரியிடம் ஐஸ் பெட்டி மீனை எடை போட்டு வாங்கும். வீட்டுக்கு வந்து, "அஞ்சு கிலோன்னு சொன்னாரு, கை அஞ்சுன்னு சொல்லலையே" என்று முணுமுணுக்கும். கைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதுதான் என் திட்டம். வியாபாரத்துக்கு உபயோகிக்கிற தராசு என்றால் எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை வைத்திருக்க வேண்டும். ஆகவே நான் செய்தது வீட்டில் வைத்துச் சரிபார்க்க மட்டும்தான். லோடு செல், அதன் மிகச் சின்ன வோல்டேஜைப் படித்து 24 பிட் எண்ணாக மாற்றித் தருகிற எச்எக்ஸ்711 என்ற மாட்யூல், ஒரு அர்டுயினோ, இரண்டு வரி எல்சிடி. ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன். காசு அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தது.

தராசு வேலை செய்தது! ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் 1000 என்று காட்டியது. தட்டின் எடையைக் கழிப்பதற்கு ஒரு பொத்தானும் வைத்திருந்தேன். காலித் தட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினால் பூஜ்யம் காட்டும். பிறகு மீனைப் போட்டால் மீனின் எடை மட்டும் வரும். அம்மா அந்தப் பொத்தானைத்தான் மிகவும் ரசித்தது. "கூடையைக் கழிச்சுடுதா? நல்ல புள்ளைதான்" என்றது.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா கூப்பிட்டது. "கண்ணு, இன்னாடா இது, இம்மாம் பெரிய நம்பரு காட்டுது?"

போய்ப் பார்த்தேன். தராசின் மேல் ஒன்றுமே இல்லை. எல்சிடியில் 4294967046 கிராம் என்று இருந்தது. ஏறக்குறைய 43 லட்சம் கிலோ! அம்மாவின் கை ஈரமாக இருந்தது. மீன் தண்ணி, உப்புத் தண்ணி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஈரக் கையால தொட்டியா? சர்க்யூட்டே போச்சு. உனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தத் தராசின் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலேஜுக்கு எடுத்து வந்து சாரிடம், "சார், லோடு செல் போயிடுச்சு, வேற வாங்கணும்" என்றேன். சார் அந்த நம்பரை ஒரு தடவை பார்த்தார். "லோடு செல் போகலப்பா. வேற ஏதோ போயிருக்கு" என்று சிரித்தார். இங்கிருந்துதான் பாடம் ஆரம்பம்.

முதலில் அவர் என்னை 8085 கிட்டின் முன்னால் உட்கார வைத்தார். இன்டெல் கம்பெனி 1976-ல் வெளியிட்ட அந்தச் சில்லைத்தான் நாம் இன்றும் லேபில் தட்டிக்கொண்டு இருக்கிறோம். ஏ ரெஜிஸ்டரில் எஃப்எஃப் போடச் சொன்னார். ரெஜிஸ்டரைப் பார்க்கும் பொத்தானை அமுக்கினேன். டிஸ்பிளேயில் எஃப்எஃப் என்று வந்தது.

"இது எத்தனை?"

"255 சார்."

"மைனஸ் ஒண்ணு இல்லையா?"

நான் முழித்தேன். டூஸ் காம்ப்ளிமென்ட் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது நம் கண் முன்னால் இருக்கிற ஏ ரெஜிஸ்டரைப் பற்றிய சமாசாரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எஃப்எஃப் என்பது எட்டு ஒன்றுகள். குறியில்லாத எண்ணாகப் படித்தால் 255. குறியுள்ள எண்ணாகப் படித்தால் மைனஸ் 1. எட்டு தனித்தனி சுவிட்சுகளாகப் படித்தால் எட்டு விளக்கும் எரிகிறது என்று அர்த்தம். ரெஜிஸ்டருக்கு இதில் எதுவும் தெரியாது. அதில் எட்டு பிளிப்பிளாப்தான் இருக்கிறது.

அப்படியானால் யாருக்குத்தான் தெரியும்? கட்டளைக்குத் தெரியும். 8085-ல் இரண்டு எண்களை ஒப்பிட்ட பிறகு கேரியைப் பார்த்துத் தாவினால் நாம் குறியில்லாத எண் என்று நினைக்கிறோம். சைன் பிளாக்கைப் பார்த்துத் தாவினால் குறியுள்ள எண் என்று நினைக்கிறோம். கூட்டல் கட்டளை இரண்டுக்கும் ஒன்றேதான். புதிய பிராசசர்களிலும் இதே கதைதான். வகுத்தலுக்குக் குறியுள்ளது, குறியில்லாதது என்று இரண்டு கட்டளைகள் இருக்கும். கூட்டலுக்கு ஒன்றுதான் இருக்கும். வகை என்பது பெட்டியில் இல்லை, பெட்டியை எடுத்து ஆள்கிறவனின் மனசில் இருக்கிறது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறவர் அர்ச்சுனன், பக்கத்தில் சிவபெருமான் வரம் கொடுக்கிறார் என்று ஒரு கைடு சொல்வார். நடுவில் இருக்கிற பிளவைக் காட்டி, அதுதான் கங்கை, தவம் செய்கிறவர் பகீரதன் என்று இன்னொரு கைடு சொல்வார். அறிஞர்களிலும் இரண்டு கட்சி உண்டு. பாறை ஒன்றுதான், உளி பட்ட இடமும் ஒன்றுதான். பாறை மட்டும் வாயைத் திறப்பதில்லை.

சரி, டீபக்கருக்கு வருவோம். நம் கிட்டில் இருக்கிற மானிட்டர் புரோகிராமும் ஒரு சின்ன டீபக்கர்தான். நிறுத்தும், ஒவ்வொரு அடியாக ஓட்டும், ரெஜிஸ்டரைக் காட்டும். ஆனால் அது எல்லாவற்றையும் ஹெக்ஸாகவே காட்டும், வகையே பார்க்காது. ஏ-யை ஏ-யோடு எக்ஸார் செய்துவிட்டுப் பிளாக் ரெஜிஸ்டரைப் பார்த்தால் 44 என்று காட்டும். அதை 0100 0100 என்று நாம்தான் பிரித்து, ஆறாவது பிட் ஜீரோ பிளாக், இரண்டாவது பிட் பாரிட்டி பிளாக் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஜி.டி.பி. அப்படி இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் குனு திட்டத்துக்காக எழுதிய டீபக்கர் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை, நம் லேப் லினக்ஸ் மெஷினிலேயே இருக்கிறது. அதில் ஒரு சாதாரண புரோகிராமை நிறுத்தி 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் இரண்டு பத்தி வரும். முதல் பத்தியில் ஹெக்ஸ், அதாவது பச்சையான பிட்டுகள். இரண்டாவது பத்தியில் அந்த ரெஜிஸ்டருக்கு உரிய வகையில் படித்த மதிப்பு. பிளாக் ரெஜிஸ்டருக்கு எதிரே 246 என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பிஎஃப், இசட்எஃப், ஐஎஃப் என்று எரிகிற பிளாக்குகளின் பெயரையே எழுதிவிடும். அந்த 246-ஐப் பிட்டாகப் பிரித்தால், நம் 8085-ல் பார்த்த அதே ஆறாவது பிட், அதே இரண்டாவது பிட்! இன்டெல் காரர்கள் இத்தனை வருஷமாக அந்த இடத்தை மாற்றவே இல்லை.

இந்த வகையை ஜி.டி.பி.க்கு யார் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வந்த கேள்வி. சார் அதைக் காட்டுவதற்கு சக்தியை எடுத்தார்.

சக்தி என்பது நம் பக்கத்து ஊரான சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான பிராசசர். பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014-ல் ஆரம்பித்த வேலை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. யாருக்கும் ராயல்டி கொடுக்காமல் உபயோகிக்கலாம். 2018-ல் முதலில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையில் ஒரு சில்லு வந்தது. அதே வருஷம் சண்டிகருக்குப் பக்கத்தில் மொகாலியில் உள்ள நம் நாட்டு ஆலையிலேயே 180 நானோமீட்டரில் இன்னொன்று வந்தது. இந்தச் சில்லு நம் லேபில் இல்லை. ஆனால் க்யூஎமு என்ற இலவச எமுலேட்டரில் 2021 முதல் 'சக்தி சி' என்ற மெஷின் இருக்கிறது. அதாவது, சக்தி இருப்பது போல நம் கம்ப்யூட்டரே நடிக்கும். அதோடு ஜி.டி.பி.யை இணைத்துக்கொள்ளலாம்.

இணைந்த உடனே ஜி.டி.பி. எதிர்ப்பக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. 'உன்னிடம் என்னென்ன ரெஜிஸ்டர் இருக்கிறது?' என்று. எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸ்எம்எல் பட்டியலை அனுப்புகிறது. பட்டியலில் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் பெயர், எத்தனை பிட், என்ன வகை என்று எழுதியிருக்கும். நம் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் பெயருக்கு எதிரே பிராஞ்ச் எழுதியிருப்பது போல. பிசி-க்கு எதிரே 'கோடு பாயின்டர்', எஸ்பி-க்கு எதிரே 'டேட்டா பாயின்டர்', ஏ0 முதலான சாதாரண ரெஜிஸ்டர்களுக்கு எதிரே 'முழு எண்'. அதனால்தான் பிசி-யைக் காட்டும்போது வெறும் நம்பராக இல்லாமல், எந்த ஃபங்ஷனில் எத்தனை பைட் தள்ளி நிற்கிறோம் என்று சேர்த்துச் சொல்கிறது. பட்டியல் அனுப்பாத பழைய போர்டாக இருந்தால், அந்தப் பிராசசருக்கென்று தன்னிடம் இருக்கிற பட்டியலை எடுத்துக்கொள்ளும்.

சில ரெஜிஸ்டருக்கு ஒரே வகை போதாது. ரிஸ்க்-ஃபைவின் தசம ரெஜிஸ்டரில் 32 பிட் எண்ணும் இருக்கலாம், 64 பிட் எண்ணும் இருக்கலாம். எது என்று டீபக்கருக்குத் தெரியாது. ஆகவே அதற்கு 'யூனியன்' வகையைக் கொடுத்து, 'ஃபுளோட்டாகப் படித்தால் இது, டபுளாகப் படித்தால் இது' என்று இரண்டையும் காட்டிவிடுகிறது. சி லாங்குவேஜில் யூனியன் எதற்கு என்று யூனிட் டெஸ்டில் விழுந்து விழுந்து எழுதினோமே, அதற்கு ஒரு நிஜமான உபயோகம் இதோ! தெரியாததைத் தெரிந்தது போல ஒன்றாகச் சொல்லாமல் இரண்டாகச் சொல்கிற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது என் தராசு. சார் சென்சாரை ஒதுக்கிவிட்டார். எடை கணக்கிடும் ஃபங்ஷனை மட்டும் எடுத்து, சென்சார் கொடுக்கும் எண்ணைக் கையால் கொடுத்து, சக்தி மெஷினில் ஓட்டச் சொன்னார். பொத்தானை அமுக்கிய பிறகு தட்டை எடுத்துவிட்டால் என்ன எண் வருமோ, அந்த எண். அம்மாவின் அலுமினியத் தட்டு 250 கிராம். கணக்கு முடிகிற இடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் என் 'எடை' என்ற மாறி ஏ0 ரெஜிஸ்டரில்தான் உட்கார்ந்திருந்தது.

முதலில் ஏ0 ரெஜிஸ்டரைக் கேட்டேன். ஹெக்ஸில் பதினான்கு எஃப், கடைசியில் 06. பக்கத்துப் பத்தியில் மைனஸ் 250.

பிறகு 'பிரின்ட் எடை' என்று மாறியைக் கேட்டேன். 4294967046.

நண்பர்களே, இரண்டும் ஒரே ரெஜிஸ்டர். இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு கட்டளைகூட ஓடவில்லை. பிட் ஒன்றுகூட மாறவில்லை. ஒரே டீபக்கர் இரண்டு பதில் சொல்கிறது!

காரணம் இதுதான். ஏ0 என்று கேட்டால் ஜி.டி.பி. அந்த எக்ஸ்எம்எல் பட்டியலைப் பார்க்கிறது. அங்கே 'முழு எண்' என்று இருக்கிறது, அதைக் குறியுள்ளதாக எடுத்துக்கொண்டு மைனஸ் 250 என்கிறது. 'எடை' என்று கேட்டால் வேறு ஒரு ஏட்டைப் பார்க்கிறது. '-ஜி' போட்டு கம்பைல் செய்தால் கம்பைலர் 'டுவார்ஃப்' என்ற முறையில் ஒரு குறிப்பை எழுதி வைக்கும். எந்த மாறி, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது, அதன் வகை என்ன என்று. அதில் 'எடை' 32 பிட், குறியில்லாதது என்று இருக்கிறது. கீழ் 32 பிட்டை எடுத்து அப்படியே படித்தால் 4294967046. அதாவது 2-இன் 32-ஆவது அடுக்கிலிருந்து 250-ஐக் கழித்தது. கம்பைலருக்கு அந்த வகையைச் சொன்னது யார்? நான்தான். புரோகிராமில் என் கையால் 'அன்சைன்டு' என்று அடித்திருக்கிறேன்.

"ஏம்பா அன்சைன்டு போட்ட?" என்றார் சார்.

"எடை எப்படி சார் மைனஸாகும்?"

"பொத்தானை அமுக்கின பிறகு அது எடை இல்லப்பா, வித்தியாசம். வித்தியாசம் மைனஸாகும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் எத்தனை வருஷம் படித்தாலும் தகும். சென்சார் சரியாகச் சொன்னது. கழித்தல் சரி, வகுத்தல் சரி. தட்டை எடுத்துவிட்டாய், 250 கிராம் குறைகிறது என்று தராசு ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்டவன்தான் தப்பான வகையில் கேட்டான். ஈரக் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புரோகிராமில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன், தீர்ந்தது.

லேபில் ஜி.டி.பி. தொடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். 'வாட்இஸ்' என்று போட்டு ரெஜிஸ்டர் பெயரையோ மாறியின் பெயரையோ கேட்டால் எந்த வகையில் படிக்கப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிடும். 'பிரின்ட்' கட்டளையோடு ஒரு சாய்கோடும் டி, யு, எக்ஸ், டி என்ற எழுத்தும் சேர்த்தால் குறியுள்ளது, குறியில்லாதது, ஹெக்ஸ், பைனரி என்று நாம் கேட்ட வகையில் காட்டும். இதில் முதல் டி டெசிமலுக்கு, கடைசி டி இரண்டைக் குறிக்கும் 'டூ'வுக்கு. ஏ0-வைக் குறியில்லாததாகக் கேட்டுப் பார்த்தேன், 18446744073709551366 என்று இருபது இலக்கம் வந்தது! ஆக, அதே பிட்டுக்கு மூன்றாவது பதில். விசித்திரமான நம்பர் வந்தால் பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால், யார் கொடுத்த வகையில் இதைப் படிக்கிறோம் என்று ஒரு தடவை கேளுங்கள். ரிச்சி தெரு பஸ் சார்ஜாவது மிச்சமாகும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். சேர்க்கை பாரத்தில் நான் எழுதிய 'இல்லத்தரசி' ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கு எழுந்து கரைக்குப் போகிற, 30 கிலோமீட்டர் கூடையோடு வருகிற, ஒரு சமயம் மீன் வாசனை என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டு அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்ற ஒரு மனுஷிக்கு நான் கொடுத்த வகை அது. ஏன் எழுதினேன் என்றால், கூடப் படிக்கிற பசங்க யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அம்மா கூடையோடு எதிரே வந்தபோது, நண்பர்களோடு நின்ற நான் இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் பார்க்காதது போலவே போய்விட்டது. அதை எந்த டீபக்கரிலும் பின்னால் ஓட்டிச் சரி செய்ய முடியாது.

வீட்டுக்குப் போய் தராசை வைத்தேன். "அம்மா, உன் கை மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். தட்டை வைத்துப் பொத்தானை அமுக்கித் தட்டை எடுத்துக் காட்டினேன். மைனஸ் 250 என்று வந்தது.

"இந்தக் கோடு இன்னா?" என்று மைனஸைத் தொட்டுக் கேட்டது.

"தட்டு இல்ல, 250 கிராம் பாக்கின்னு அர்த்தம்."

"அதான் எனக்குத் தெரியுமே. கூடையை எடுத்துட்டா கூடை பாக்கிதானே" என்றது அம்மா. கடன் கணக்கையெல்லாம் மனசிலேயே வைத்திருக்கிறவளுக்கு மைனஸ் எண்ணைப் பற்றி நான் பாடம் நடத்தப் போனேன் பாருங்கள்!

பிறகு அம்மா அன்றைக்கு வாங்கி வந்த சங்கராவை, அதே ஈரக் கையோடு, தட்டில் வைத்தது. வைப்பதற்கு முன்னால், "நானூறு இருக்கும்" என்றது. தராசு 410 காட்டியது. "உன் மிஷினு பத்து கிராம் தப்பு சொல்லுது" என்று சிரித்தது.

இந்த வருஷம் ஸ்காலர்ஷிப் பாரம் வந்தபோது அந்தக் கட்டத்தில் 'மீன் வியாபாரம்' என்று எழுதினேன். ஆபீசில் ஒருவர் பழைய பாரத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடி வேற எழுதியிருக்கே, எது கரெக்ட்?" என்று கேட்டார்.

"அம்மா அதேதான் சார். முன்னாடி நான் எழுதினது தப்பு" என்றேன். அவர் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

கட்டுரையில் பிழை இருந்தால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அலுமினியக் கூடையோடு ஒரு அம்மாவும், பக்கத்தில் கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நானும் வருவதைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுப் போங்கள். மீனும் நல்லாவே இருக்கும்.